பாப்கோர்ன் சீலிங்கில் மஞ்சள் கறை

வெள்ளைச் சீலிங்கில் ஒரு வட்டம். நடுப்பகுதி வெளிறியும் ஓரம் கடும் பழுப்பாகவும் இருக்கும். இதைக் கண்டதும் பெரும்பாலான வீடுகளில் பேஸ்மென்ட்டில் மிஞ்சிக் கிடக்கும் வெள்ளைப் பெயின்ட் வாளியைத்தான் தேடுவார்கள். றோலர் இரண்டு தடவை ஓடியதும் வட்டம் மறைந்துவிடும். பெயின்ட் காய்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதே இடத்தில் அதே வட்டம் திரும்ப வந்து நிற்கும். சில வீடுகளில் இன்னொரு தொல்லையும் சேரும்: றோலரோடு ஒட்டிக்கொண்டு சீலிங்கின் பொருக்கும் உரிந்து வந்திருக்கும்.

இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். மேலிருந்து கசிந்த நீர் வழியில் உள்ள மரம், காகிதம், தூசு ஆகியவற்றின் சாயத்தைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. ஈரம் காயும்போது அந்தச் சாயம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வளையமாகப் படிகிறது. நாம் பூசும் சாதாரண சீலிங் பெயின்ட்டும் தண்ணீரில் கலந்ததே. அது ஈரமாக இருக்கும் நேரத்தில் பழைய சாயத்தை மீண்டும் கரைத்து மேலே இழுத்துவிடுகிறது. பொருக்கும் அப்படித்தான். தண்ணீரில் குழைத்துப் பீய்ச்சிய கலவை அது. அதன்மேல் ஒருபோதும் பெயின்ட் பூசியிருக்காவிட்டால், ஈர றோலர் பட்டதும் குழைந்து கையோடு வந்துவிடும்.

இந்த சீலிங் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1950களிலிருந்து 1980கள் வரை வட அமெரிக்காவில் வீடுகள் வேகமாக எழும்பிய காலத்தில், ட்ரைவோல் பலகைகளின் பொருத்துகளைச் சீலிங்கில் வழுவழுப்பாக மறைப்பதுதான் அதிகச் சம்பளமும் நேரமும் பிடித்த வேலை. அதைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி கண்டார்கள். பொருத்துகளை அரைகுறையாக மூடிவிட்டு, ஸ்டைரோஃபோம் மணிகளோ வெர்மிகுலைட்டோ கலந்த சாந்தைப் பீய்ச்சினார்கள். சோளப்பொரி ஒட்டியதுபோலத் தெரிகிற அந்தப் பரப்பு எல்லாக் குறையையும் மறைத்தது, அறையின் எதிரொலியையும் சற்றுத் தணித்தது. ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கங்களில் நம்மவர்கள் வாங்கிய எழுபதுகள், எண்பதுகள் காலத்து வீடுகள் பலவற்றில் இன்றும் இதுவே தலைக்கு மேல் இருக்கிறது. கனடாவில் கட்டட வேலைக்காரர் இதை ஸ்டிப்பிள் என்றும் சொல்வார்கள்.

அந்தக் காலத்துக் கலவையில் அஸ்பெஸ்டஸும் சேர்ந்திருக்கலாம். உங்கள் வீடு 1990க்கு முன் கட்டப்பட்டது என்றால், சீலிங்கைச் சுரண்டவோ துளைக்கவோ உரசவோ தொடங்கும் முன் அதைச் சோதித்தே ஆகவேண்டும். "என் மச்சான் சுரண்டினவன், ஒன்றும் ஆகவில்லை" என்பது சோதனை ஆகாது. அஸ்பெஸ்டஸ் இழை நுரையீரலில் தங்கி நோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் எடுக்கும். கனடா அஸ்பெஸ்டஸை உலகுக்கே விற்ற நாடு. கியூபெக்கின் கடைசிச் சுரங்கங்கள் 2011இல்தான் வேலையை நிறுத்தின. அதன் பயன்பாட்டையும் விற்பனையையும் தடைசெய்யும் விதிகள் 2018 டிசம்பர் 30ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே பழைய வீட்டில் அது இருப்பது வியப்புக்குரியதல்ல.

சோதனை கடினமானதல்ல. தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து, சீலிங்கின் ஒரு சிறு இடத்தில் தெளித்து நன்றாக நனையவிடுங்கள். தூசு எழாதபடி ஒரு தேக்கரண்டி அளவு சுரண்டி, மூடும் பொலித்தீன் பையில் போட்டு, ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புங்கள். முகக்கவசம் தேவை. காற்றாடியும் வீட்டு ஹீட்டரின் ஊதியும் அந்நேரம் நிறுத்தியிருக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் போதாது. கலவையைக் கையால் குழைத்துப் பீய்ச்சியதால் இடத்துக்கிடம் அளவு மாறும். ஒன்ராறியோவின் 278/05 ஒழுங்குவிதி, இப்படிப் பீய்ச்சிய பரப்பு 90 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால் 3 மாதிரிகள் எடுக்கச் சொல்கிறது. எடையில் 0.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது அஸ்பெஸ்டஸ் உள்ள பொருள். அப்படி முடிவு வந்தால் இந்தக் கட்டுரையின் சுரண்டும் பகுதிகள் உங்களுக்கு இல்லை. அதற்கெனப் பயிற்சி பெற்ற நிறுவனத்தை அழையுங்கள். பொருக்கு உதிராமல் இறுக்கமாக இருந்தால், அது அப்படியே இருக்கும்வரை உடனடி ஆபத்து குறைவு.

மேல்மாடிச் சீலிங் என்றால் அதற்கு மேலே அட்டிக்கில் என்ன இன்சுலேஷன் கிடக்கிறது என்றும் ரோர்ச் வெளிச்சத்தில் எட்டிப் பாருங்கள். சாம்பலும் பொன்னிறமும் கலந்த, பளபளக்கும் சிறு கூழாங்கற்கள் மாதிரிக் கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து 1990வரை வெட்டியெடுத்து ஸோனொலைட் என்ற பெயரில் கனடாவிலும் விற்கப்பட்ட வெர்மிகுலைட்டில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. சீலிங்கில் ஓட்டை போட்டால் அது உங்கள் தலையில் கொட்டும். தொடாதீர்கள்.

இனி ஒழுக்கு. கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்புவதுதான் இந்த வேலையில் அதிக நேரத்தை வீணாக்குகிறது. தண்ணீர் குறுக்குச்சட்டத்தின் அடிப்பக்கமாகவோ குழாயின் முதுகிலோ பல அடி ஓடி, ஏதாவதொரு ஆணித்தலையிலோ பலகைப் பொருத்திலோ வந்துதான் சொட்டும். ஆகவே எங்கே என்பதைவிட எப்போது என்று கேட்பது பலன் தரும்.

மேலே குளியலறை இருந்து, யாராவது குளித்த பிறகு மட்டும் கறை கறுத்தால், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் ஒரு வாளித் தண்ணீரை நேரே வடிகாலுக்குள் ஊற்றுங்கள். சுவரில் ஒரு துளியும் படக்கூடாது. கீழே நனைந்தால் கோளாறு வடிகால் குழாயில். நனையாவிட்டால் மறுநாள் ஷவரைச் சுவர் ஓடுகளின் மேல் பத்து நிமிடம் பிடியுங்கள். இப்போது நனைந்தால் ஓட்டு இடுக்குகளின் பூச்சோ தொட்டி ஓரத்துச் சிலிக்கனோ போய்விட்டது. பல வீடுகளில் குற்றவாளி அந்த மலிவான சிலிக்கன்தான். கழிப்பறையைப் பாவிக்கும்போது மட்டும் கறை பெருத்தால், கிண்ணத்தின் அடியிலுள்ள மெழுகு வளையத்தைச் சந்தேகியுங்கள். கிண்ணத்தை இரு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வளையம் போயிருக்கும். யாரும் எதையும் திறக்காமலே கறை நாளுக்கு நாள் வளர்ந்தால் அது அழுத்தத்தில் இருக்கும் நீர்க்குழாய். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் ஐயமே வேண்டாம்.

மேல்மாடிச் சீலிங்கில் கறை என்றால் கதை வேறு. மழை பெய்த பின் வந்தால் கூரையின் ஷிங்கிள்ஸ், புகைபோக்கியைச் சுற்றிய தகடு, குழாய் வெளியே வரும் இடத்து றப்பர் வளையம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அந்த றப்பர் கூரைக்கு முன்பே வெடித்துவிடுவது வழக்கம். வெளிச்சுவரை ஒட்டியே பனி உருகும் நாட்களில் கறை வந்தால், கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைகட்டியிருக்கும். வீட்டுச் சூடு அட்டிக்குக்குள் ஏறி மேற்கூரைப் பனியை உருக்குகிறது. உருகிய நீர் குளிர்ந்த விளிம்பில் மீண்டும் உறைந்து வழியை அடைக்கிறது. பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிள்ஸின் அடியால் உள்ளே ஏறுகிறது. கூரை போடுபவர் புதுக் கூரை போடச் சொல்லக்கூடும். ஆனால் நோய் அட்டிக்கின் சூட்டில் இருக்கிறது, இன்சுலேஷனும் காற்றோட்டமும்தான் மருந்து.

இன்னொரு வகை உண்டு. அது எல்லோரையும் குழப்பும். பெப்ரவரியில், பல நாள் கடுங்குளிருக்குப் பின் வெயில் எறிக்கிற ஒரு நாளில், மழையும் இல்லை, கூரையில் பனியும் இல்லை, சீலிங் சொட்டும். வீட்டின் ஈரக்காற்று இடுக்குகளால் அட்டிக்குக்குள் ஏறி, கூரைப் பலகையின் அடியிலும் ஆணி முனைகளிலும் உறைபனியாகப் படிந்திருக்கும். வெப்பம் ஏறியதும் அத்தனையும் ஒரே நாளில் உருகி விழும். குளியலறை எக்ஸோஸ்ட் விசிறியின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே கழன்று கிடப்பது இதற்கு மிகப் பொதுவான காரணம். சோறு வடித்து, இடியப்பமும் புட்டும் அவித்து, உள்ளேயே உடுப்புக் காயப்போடும் நம் வீடுகளில் குளிர்காலத்து ஈரப்பதன் சுலபமாக ஏறிவிடும். கடுங்குளிரில் அதை 30 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது நல்லது. பத்து இருபது டொலர் அளவுகருவி ஒன்று ஹோலில் இருக்கட்டும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி வெளியே ஊதுகிறதா, வடிகட்டி வழியாகத் திரும்பவும் சமையலறைக்கே ஊதுகிறதா என்றும் ஒருதரம் பாருங்கள்.

சீலிங் வயிறு தள்ளி நிற்கிறது என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. உள்ளே தேங்கியிருக்கும் ஒவ்வொரு லீட்டரும் ஒரு கிலோ. அந்த அறைக்குப் போகும் பிரேக்கரை அணையுங்கள், தண்ணீரின் பிரதான வால்வை மூடுங்கள், கீழே பெரிய வாளி வையுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று, வீக்கத்தின் தாழ்ந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரால் ஒரு துளை போடுங்கள். நீர் வடிந்தால் பலகை முழுதாக இடிந்து விழாமல் தப்பலாம். அஸ்பெஸ்டஸ் பயம் இருந்தாலும் இந்த ஒரு துளை நியாயம்தான். நனைந்த பொருக்கில் தூசு எழாது. சீலிங் இடிந்து விழுவதுதான் பெரிய கேடு. துடைக்க முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் திடீரென நடந்த சேதத்துக்கே பணம் தரும். மாதக்கணக்காகக் கசிந்ததைப் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடும். ஆகவே கண்ட அன்றே அறிவிப்பது பணத்தைக் காப்பாற்றும். கொன்டோவில் இருந்தால் மேல்வீட்டுக் கதவைத் தட்டும் அதேவேளை நிர்வாக அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர் சீலிங்கைத் தானே திருத்தவேண்டியதில்லை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது உரிமையாளரின் கடமை.

ஒழுக்கு நின்றபின் காயவைக்கவேண்டும். முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சணத்துக்கு இடமிருக்காது. காற்றாடியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் இரவு பகலாக ஓடட்டும். மேலே இன்சுலேஷன் ஊறியிருந்தால் அது தானாகக் காயாது, எடுத்துவிடவேண்டும். காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஈரமானி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, கறையிலும் தூரத்து நல்ல இடத்திலும் குத்தி, இரண்டும் ஒரே அளவு காட்டும்வரை பொறுங்கள். ஒன்று இரண்டு வாரம் ஆகலாம். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான்.

பூஞ்சணப் புள்ளி தெரிந்தால், அது 1 சதுர மீட்டருக்கும் சிறிய திட்டாக இருந்தால் நீங்களே துடைக்கலாம். கனடிய சுகாதாரத் துறை இதற்குப் பரிந்துரைப்பது பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத்தான். பிளீச் தேவையில்லை. ஆனால் பொருக்குச் சீலிங்கைத் துடைக்கவே முடியாது, அந்தப் பகுதியை எடுத்துவிடுவதே வழி. காய்ந்த சீலிங்கை விரலால் அழுத்துங்கள். உறுதியாக இருந்தால் கறை மட்டும்தான் பிரச்சினை. மெத்தென்று அமுங்கினாலோ, கீழே வளைந்து நின்றாலோ ட்ரைவோல் போய்விட்டது. அதன் உள்ளே இருக்கும் ஜிப்சம் ஒருமுறை கூழாகினால் பழைய பலம் திரும்பாது.

கறை மட்டும் என்றால் வேலை ஒரு பிற்பகல். தேவையானது கறையைப் பூட்டிவைக்கும் பிரைமர். எண்ணெய் அடிப்படையிலானதோ, அரக்கையும் அற்ககோலையும் கொண்டதோ வாங்குங்கள். லேபிளில் 'ஸ்டெயின் பிளொக்கிங்' என்று எழுதியிருப்பதால் மட்டும் ஏமாறாதீர்கள். தண்ணீரில் கலந்தவையும் அப்படி எழுதிக்கொண்டு வருகின்றன. சில கறைகளுக்கு அவையும் போதும், பழுப்பு வளையத்துக்கு நான் நம்பமாட்டேன். பொருக்குக்கு மிக வசதியானது மேல்நோக்கிப் பீய்ச்சுவதற்கென்றே செய்த ஸ்பிரே டப்பா. பரப்பைத் தொடாமலே வேலை முடிந்துவிடும். கறைக்கு அப்பால் ஒரு சாண் அளவு சேர்த்து, மெல்லிய இரண்டு பூச்சு. யன்னல்களைத் திறவுங்கள், எரிவாயு அடுப்பும் பூசையறை விளக்கும் அணைந்திருக்கட்டும், இந்தப் புகை தீப்பற்றும். கண்ணாடியும் மூக்குக்கவசமும் போடாமல் தலைக்கு மேல் ஸ்பிரே பிடிக்காதீர்கள்.

பொருக்கு உதிர்ந்த இடம் இருந்தால், ஆடுகிறதை மட்டும் அகலக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, அதன்பின் புதுப் பொருக்கு போடவேண்டும். டப்பாவில் வரும் பாப்கோர்ன் ஸ்பிரே ஒன்று சில சதுர அடிக்கே காணும். சுவரையும் தரையையும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு, முதலில் ஒரு கார்ட்போர்ட்டைத் தலைக்குமேல் பிடித்து அதில் பழகுங்கள். டப்பாவின் தூரத்தைக் கூட்டிக் குறைத்தால் மணியின் பருமன் மாறுவது அங்கேயே தெரியும். சீலிங்கில் முதல் பூச்சு வேண்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கவேண்டும். குறைந்தால் இன்னொரு தடவை பீய்ச்சலாம். கூடிவிட்டால் முழுவதையும் சுரண்டித்தான் ஆகவேண்டும். ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பு நேர்கோடாக நிற்காமல் பழைய பொருக்கோடு கலந்து தேயவேண்டும், இல்லாவிட்டால் கண் அங்கேயே போகும். எல்லாச் சீலிங்கும் பாப்கோர்ன் அல்ல. தட்டையாக்கிய திட்டுகளாகத் தெரிந்தால், பீய்ச்சிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அகலக் கத்தியை அழுத்தாமல் வழித்திருப்பார்கள். அரைவட்டச் சுழிகளாக இருந்தால் பிறஷ் வேலை. அது ஒருவரின் மணிக்கட்டுப் பழக்கம் என்பதால் இன்னொருவர் கைக்கு வராது. சுழிச் சீலிங்கில் ஒட்டுப்போட முயல்வதைவிட அந்தத் துண்டு முழுவதையும் புதிதாகச் செய்வது சுலபம்.

அமுங்கிய ட்ரைவோலை வெட்டியெடுப்பது பார்ப்பதற்குத்தான் பயங்கரம். கறையைச் சுற்றி நேரான செவ்வகம் வரைந்து, நீளப்பக்கங்கள் குறுக்குச்சட்டங்களின் நடுவில் வரும்படி வெட்டவேண்டும். சட்டங்கள் வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் இருக்கும். மின்கம்பியும் குழாயும் மேலே ஓடக்கூடும் என்பதால் பிரேக்கரை அணைத்துவிட்டு, மின்வாளால் அல்லாமல் கைவாளால் மெதுவாக வெட்டுங்கள். பழைய பலகையின் கனத்தை அளந்து அதே கனத்தில் வாங்குங்கள், பொதுவாக அரை அங்குலம். சட்டம் இல்லாத பக்கங்களில் உள்ளே ஒரு மரத்துண்டை வைத்துத் திருகாணி போட்டால் ஒட்டுக்குப் பிடிமானம் கிடைக்கும். பொருத்தில் டேப். முதல் பூச்சுக்கு 45 அல்லது 90 நிமிடத்தில் இறுகும் தூள் கொம்பவுண்ட். அடுத்த இரண்டு பூச்சும் ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக. மேலே பொருக்கு வரப்போவதால் கண்ணாடிபோல வழுவழுப்பாக்கத் தேவையில்லை. இந்த சீலிங் தரும் ஒரே சலுகை அது. ஆனாலும் பிரைமரை விட்டுவிடாதீர்கள். கொம்பவுண்டும் காகிதமும் ஈரத்தை வெவ்வேறு அளவில் குடிப்பதால், பிரைமர் இல்லாமல் பீய்ச்சினால் பொருத்து பொருக்குக்கு ஊடாகவும் தெரியும்.

பெயின்ட்டை ஒட்டுக்கு மட்டும் பூசினால் வேலை பாழ். இருபது வருடத் தாளிப்புப் புகையும் சாம்பிராணியும் பட்ட சீலிங் வெள்ளை அல்ல, நாம்தான் அதை வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். புது வெள்ளை ஓரிடத்தில் பட்டதும் மற்றதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். சுவரிலிருந்து சுவர்வரை முழுச் சீலிங்கையும் பூசுங்கள். பளபளப்பே இல்லாத பெயின்ட்டாக இருக்கவேண்டும், மினுங்கினால் ஒவ்வொரு மேடும் நிழல் போடும். முன்பு ஒருபோதும் பூசாத பொருக்கென்றால் முதலில் ஸ்பிரேயாலோ எண்ணெய்ப் பிரைமராலோ முழுவதையும் பூட்டிவிட்டுத்தான் றோலரை எடுக்கலாம். முக்கால் அங்குல மயிருள்ள றோலர், நிறையப் பெயின்ட், ஒரே திசை. போன இடத்தில் திரும்ப ஓட்டாதீர்கள். அடுத்த பூச்சைக் குறுக்குத் திசையில், முதலாவது நன்றாகக் காய்ந்தபின்.

இவ்வளவும் செய்தபிறகும் பக்கவாட்டு வெயிலில் ஒட்டு இருந்த இடம் உற்றுப் பார்ப்பவருக்குத் தெரியலாம். படுக்கையறையில் அது பொருட்டல்ல. ஹோலில் ஆறேழு சதுர அடிக்கு மேல் சேதமென்றால், ஒட்டுப்போடுவதைவிடப் பாப்கோர்னையே விடைகொடுத்து அனுப்புவது நல்லது என்பேன். அஸ்பெஸ்டஸ் இல்லை என்று உறுதியான, பெயின்ட் பூசாத பொருக்கைத் தண்ணீர் தெளித்துக் கால்மணி நேரம் ஊறவிட்டால் கத்தியால் வழித்தெடுக்கலாம். ஆனால் அடியில் தெரியப்போவது அன்று அரைகுறையாக விட்ட பொருத்துகள். அவற்றைச் சரியாக்குவதற்குச் சுரண்டியதைவிட அதிக நேரம் போகும். பெயின்ட் பூசியிருந்தால் நீர் ஊறாது, சுரண்டுவது சித்திரவதை. அப்போது பழையதின்மேல் புது ட்ரைவோலைச் சட்டங்களில் திருகி மூடிவிடுவது சுத்தமான வழி. அஸ்பெஸ்டஸ் உள்ள சீலிங்கையும் இப்படி மூடுவதுண்டு, ஆனால் ஒவ்வொரு திருகாணியும் பொருக்கைத் துளைப்பதால் அது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை. எப்படி மூடினாலும் சீலிங் அரை அங்குலம் கீழே இறங்கும். விளக்குப் பெட்டிகளையும் அதே அளவு இறக்க எலெக்ட்ரீஷியன் தேவைப்படும், விலை கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.